பழைய காருக்கு எந்த ஆயில்?

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காருக்கு எந்த இன்ஜின் ஆயில் போடலாம் என்று நம்மூரில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பழைய வண்டிதானே சார், கொஞ்சம் கெட்டியா போட்டுக்குங்க." அதுவரை 5டபிள்யூ-30 ஓடிக்கொண்டிருந்த வண்டியில் 20டபிள்யூ-50 ஏறிவிடும். சத்தம் கொஞ்சம் அடங்கும். நமக்கும் திருப்தி, மெக்கானிக்குக்கும் திருப்தி.

இந்த யோசனை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. சில வண்டிகளுக்கு உண்மையிலேயே உதவும். சிலவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சிலவற்றுக்குக் கெடுதல். உங்கள் வண்டி இதில் எந்த ரகம் என்பதை ஓடோமீட்டர் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இன்ஜினுக்கு என்ன குறை என்று பார்த்த பிறகுதான் ஆயிலைப் பற்றிப் பேச முடியும்.

இது ஏன் முக்கியம்? சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கிப் புதுப்பித்தால் இன்னும் 5 வருடம் ஓட்டலாம். அப்படி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் பல, செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. வாங்கிய குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். "இன்ஜின் இறக்கணும்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், வண்டியின் இன்றைய மதிப்பில் பெரும்பகுதி அந்த வேலைக்கே போய்விடும். அந்த நாளைத் தள்ளிப்போட ஆயிலால் எவ்வளவு முடியும், எங்கே முடியாது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

இன்ஜினுக்குள் ஆயில் செய்யும் வேலை

கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது அது பேரிங்கின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அதற்குள் ஆயில் போகிறது. ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் ஆயில் அந்த இடுக்குக்குள் இழுக்கப்பட்டு, ஷாஃப்டையே தூக்கி நிறுத்துகிறது. மழையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தண்ணீர்மேல் மிதப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோட்டில் அது ஆபத்து. பேரிங்குக்குள் அதேதான் உயிர்நாடி.

இந்தப் படலம் நிற்பதற்கு ஆயிலுக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை வேண்டும். பாடப்புத்தகத்தில் பாகுநிலை என்பார்கள். நல்லெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. (கேஸ்ட்ரால் என்ற பிராண்ட் பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் விமான இன்ஜின்களுக்கே அதை ஊற்றியிருக்கிறார்கள்.)

கெட்டி அதிகமானால் படலமும் தடிமனாகும். அப்படியானால் கெட்டி ஆயில்தானே நல்லது? இங்கேதான் ஒரு குழப்பம். ஆயில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்வதில்லை. பம்ப் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பேரிங்கில் உண்டாகும் சூட்டை அது எடுத்துக்கொண்டு போக வேண்டும். இன்ஜின் தலையில் இருக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏற வேண்டும். பிஸ்டன் ரிங்கின் சிறு துளைகள் வழியாக வழிந்து கீழே வர வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியானால் இந்த ஓட்டம் மந்தமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

இன்னொன்று. கெட்டி ஆயில் ஊற்றினால் ஆயில் பிரஷர் கூடும். பிரஷர் கூடியதும் இன்ஜின் தேறிவிட்டது என்று தோன்றும். ஆனால் பிரஷர் என்பது ஓட்டத்துக்கு எதிரான தடையின் அளவு. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் பிரஷர் கூடும், செடிக்குப் போகும் தண்ணீர் கூடாது. தேய்ந்த பேரிங் தேய்ந்ததுதான். கெட்டி ஆயில் அந்தத் தேய்மானத்தைச் சமாளிக்க உதவலாம், திருப்பிச் சரிசெய்யாது.

கேனில் எழுதியிருக்கும் எண்கள்

5டபிள்யூ-30 என்பதில் "டபிள்யூ" குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், ஆயில் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. எஸ்ஏஇ வகுத்த அளவுப்படி 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் பம்ப் இழுக்க முடிய வேண்டும். 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 20 போதும். பின்னால் உள்ள எண், சூடான இன்ஜினில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. 100 டிகிரியில் அளந்து சொல்வார்கள். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

"சென்னையில மைனஸ் 35 எங்க வருது, அப்போ 5டபிள்யூ எதுக்கு?" என்பது நியாயமான கேள்வி. மார்கழியிலும் இங்கே இன்ஜின் உறைந்துபோகாது. ஆனால் எந்த ஆயிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அதன் வேலைச் சூட்டைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும். 40 டிகிரியில் அளந்தால், வழக்கமான 5டபிள்யூ-30 ஆயில் 60-70 சென்டிஸ்டோக் இருக்கும். 20டபிள்யூ-50 ஆயில் 160-180 வரை போகும். இன்ஜின் சூடானபின் இரண்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்குக்குக் கீழே. காலை ஸ்டார்ட்டில் அதைவிட அதிகம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் வண்டி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இன்ஜின் சூடாகாமலே கழிக்கிறது. அதனால் வெயில் ஊரிலும் முன் எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மேலே சொன்ன வரம்புகளில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 100 டிகிரியில் 9.8 காட்டும் ஆயிலும் 5டபிள்யூ-30தான், 12.2 காட்டும் ஆயிலும் 5டபிள்யூ-30தான். கேனில் ஒரே எண். கம்பெனிகளின் இணையதளத்தில் ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு பக்கத் தகவல் தாள் கிடைக்கும், அதில் இந்த அளவு இருக்கும். "கொஞ்சம் கெட்டியா" வேண்டும் என்றால் முதல் படி, அதே கிரேடுக்குள் கெட்டியான பக்கம் நகர்வதுதான். ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ-வில் ஏ3/பி4 அல்லது சி3 என்று போட்டிருக்கும் 5டபிள்யூ-30, அந்த வகை. கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் அதன் படலம் சாதாரண 5டபிள்யூ-30-ஐவிட வலுவாக நிற்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை.

"கெட்டியா போடு" எங்கிருந்து வந்தது

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்து இன்ஜின்களில் இடைவெளிகள் தாராளம். அன்றைய ஆயிலும் இன்றைய ஆயில் இல்லை; சூட்டில் சீக்கிரம் நீர்த்துப்போகும். தேய்ந்த இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் என்பது அந்தச் சூழலில் அனுபவத்தில் வந்த அறிவு. அந்த மெக்கானிக்குகள் சொன்னது அவர்கள் கையில் இருந்த வண்டிக்குச் சரி.

இன்றைக்கு "பழைய வண்டி" என்றால் 2008-ல் வாங்கிய ஹேட்ச்பேக். அதற்குள் பல இன்ஜின்களில் ஆயிலுக்கு வேறு வேலையும் சேர்ந்துவிட்டது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு ஆயில் பிரஷரில்தான் நகர்கிறது. ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1248 சிசி மல்டிஜெட் போன்ற இன்ஜின்களில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரை நம்பியிருக்கிறது. இந்தச் சின்னச் சின்னத் துவாரங்களுக்கு ஆயில் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும். இப்படிப்பட்ட இன்ஜினில் ஒரே தாவலாக 20டபிள்யூ-50-க்குப் போனால், காலையில் செயின் சத்தம் கூடக்கூட வாய்ப்பு உண்டு.

மேனுவலில் பெரும்பாலும் ஒரே ஒரு கிரேடு மட்டும் இருக்காது. வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எதெது போடலாம் என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதில் எவை அனுமதி என்று பாருங்க. நமக்கு நகர இடம் பெரும்பாலும் அந்த அட்டவணைக்குள்ளேயே இருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் 1000 கி.மீ. அளவெடுப்பு

ஆயில் கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காசு செலவில்லை.

சமதரையில் நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை எடுங்கள். துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஆயில் ஊற்றி நிறுத்துங்கள். கோட்டைத் தாண்ட வேண்டாம். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில், அதே மாதிரி காலையில் பாருங்கள். மேல் கோட்டுக்குத் திரும்ப எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று மில்லி கோடு போட்ட குவளையால் அளந்து ஊற்றுங்கள். அந்த எண்தான் உங்கள் இன்ஜினின் ஆயில் செலவு. நடுவில் ஒருமுறை, இருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த எண் ஏன் வேண்டும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் காரில் சுமார் 3 லிட்டர் ஆயில் பிடிக்கும். வண்டி 1000 கி.மீ.க்கு 300 மில்லி குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை தவறாமல் சர்வீஸ் விடுகிறவர், நடுவில் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதில்லை. 5,000 கி.மீ.யிலேயே பாதி ஆயில் காலி. மிச்சம் இருக்கும் ஆயில் இருமடங்கு வேலை செய்கிறது, கூடுதலாகச் சூடாகிறது. ஒரு நீண்ட வளைவிலோ மலை ஏற்றத்திலோ பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். சர்வீஸ் புத்தகத்தில் எல்லா சீலும் ஒழுங்காக இருக்கும், இன்ஜின் சீஸ் ஆகியிருக்கும்.

அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு எரியாதா என்று கேட்கலாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது ஆயில் அளவுக்கான விளக்கு இல்லை, பிரஷருக்கான விளக்கு. அது எரியும் நேரத்தில் ஆயில் குறைந்து முடிந்துவிட்டது. ஓடும்போது எரிந்தால் "பக்கத்துல வொர்க்‌ஷாப் வரைக்கும் போயிடலாம்" என்று யோசிக்காமல் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும்.

ஆகவே வயதான இன்ஜினில் எந்த ஆயில் என்பதைவிட எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கிரேடு ஒரு படி தவறாக இருந்தாலும் வண்டி ஓடும். ஆயில் இல்லாமல் ஓடாது.

மூன்று குறைகள், மூன்று பதில்கள்

வயதான இன்ஜினின் ஆயில் குறைகள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும்.

முதலாவது, எரிப்பது. சைலன்சரில் நீலப் புகை. அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று வந்து சற்று நேரத்தில் நின்றுவிட்டால், வால்வு சீல் மீது சந்தேகம். ரப்பர் இறுகிப்போய் ஆயில் மேலிருந்து சொட்டியிருக்கும். ஓடும்போது ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதுக்கு நல்ல ஆயிலால் ஓரளவு பலன் உண்டு. கரியை மெல்லக் கரைக்கும் சக்தி நல்ல ஆயிலில் சேர்க்கும் பொருட்களுக்கு இருக்கிறது. எரிக்கும் வண்டிக்கு ஆயில் தேர்ந்தெடுக்கும்போது கெட்டியை மட்டும் பார்க்காமல், சூட்டில் எவ்வளவு ஆவியாகிறது என்பதையும் பார்க்கலாம். தகவல் தாளில் நோவாக் என்று ஒரு எண் இருக்கும்: 250 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது. இன்றைய ஏபிஐ தரங்களில் 5டபிள்யூ-30 போன்ற ஆயிலுக்கு 15 சதவீதம் உச்சவரம்பு. ஏ3/பி4, சி3 தரங்களில் 13. எண் குறையக் குறைய நல்லது. சிந்தடிக் ஆயில்கள் பொதுவாக இதில் முன்னால் நிற்கும்.

இரண்டாவது, ஒழுகுவது. நிறுத்திய இடத்தில் கறை. இதற்குக் கெட்டி ஆயில் ஊற்றுவதற்கு முன் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்னப் பாகம் அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலிலும் ஆயில் கசியும். விலை குறைவு, வேலையும் குறைவு. அடுத்து வால்வு கவர் கேஸ்கெட், டிரெயின் போல்ட் வாஷர். இவை சரியாக இருந்தும் சீல் வியர்ப்பது போலக் கசிந்தால், சீலுக்கான சேர்க்கை உள்ள ஆயில் உதவும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். சொட்டுச் சொட்டாக ஊற்றும் ஒழுகலுக்கு எந்த ஆயிலும் மருந்து இல்லை.

மூன்றாவது, பிரஷர் இறங்குவது. வண்டி நன்றாகச் சூடானபின் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது, ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைகிறது. முதலில் அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால் விளக்கின் சென்சாரை நம்பாமல், வொர்க்‌ஷாப்பில் கேஜ் மாட்டி நிஜமான பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். சென்சாரே கெட்டிருக்கும் வண்டிகள் உண்டு. பிரஷர் உண்மையிலேயே குறைவு என்றால் பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கிறது. ஒரு படி கெட்டியான ஆயில் நியாயமாக வேலை செய்யும் இடம் இதுதான்: 30 போட்டிருந்தால் 40. அது அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் காசு சேர்க்கலாம், அல்லது வண்டியை என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம்.

மூன்று குறையும் இல்லை, 1000 கி.மீ.க்கு 50 மில்லிகூடக் குறையவில்லை என்றால்? ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடியிருந்தாலும் மாற்றக் காரணமே இல்லை. மேனுவலில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள்.

"ஹை மைலேஜ்" என்ற லேபிள்

இந்தப் பெயர் நம்மூரில் குழப்பும். நமக்கு மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பது. அமெரிக்காவிலிருந்து வந்த இந்த லேபிளில் அதற்கு "நிறைய தூரம் ஓடிய வண்டி" என்று அர்த்தம். இந்த ஆயில் ஊற்றினால் பெட்ரோல் மிச்சமாகாது. வால்வோலின் கம்பெனி 2000-ல் மேக்ஸ்லைஃப் என்ற பெயரில் இந்த ரகத்தைக் கொண்டுவந்தது. 75,000 மைல், அதாவது சுமார் 1.2 லட்சம் கி.மீ. தாண்டிய வண்டிகளுக்கு என்று அங்கே விற்கிறார்கள்.

அதில் வேறென்ன இருக்கிறது? இறுகிய ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக்கி உப்ப வைக்கும் சேர்க்கை, கூடுதலாகக் கழுவும் சேர்க்கை, பெரும்பாலும் கிரேடின் கெட்டியான பக்கம். லேசாகக் கசியும், லேசாக எரிக்கும் இன்ஜினுக்குப் பொருத்தம். உடனே பலன் தெரியாது. கிழிந்த சீலை ஒட்டாது. குறை இல்லாத வண்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

"பழைய வண்டிக்கு சிந்தடிக் போட்டா ஒழுக ஆரம்பிச்சுடும்" என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பகால சிந்தடிக் ஆயில்களில் சில, ரப்பர் சீலோடு ஒத்துப்போகவில்லை. இன்றைய ஆயில்கள் சீல் சோதனையில் தேறித்தான் வருகின்றன. சீலைச் சுற்றிப் பல வருட அழுக்கே அடைப்பாக உட்கார்ந்திருந்தால், நல்ல ஆயில் அதைக் கழுவும்போது ஏற்கெனவே இருந்த ஒழுகல் வெளியே தெரியலாம். அவ்வளவுதான்.

எண்ணுக்கு அப்பால் எழுத்துகள்

கேனில் ஏபிஐ என்பதற்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஸ்-ஸில் தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி-யில் தொடங்கினால் டீசலுக்கு. எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல். பெட்ரோல் வரிசையில் பின்னால் வந்த தரம், முன்னதன் இடத்தையும் பெரும்பாலும் நிரப்பும். அதனால் மேனுவலில் எஸ்எல் அல்லது எஸ்எம் என்று இருந்தால் எஸ்பி ஊற்றத் தயங்க வேண்டாம்.

லாரிக்கான டீசல் ஆயிலை, அது "ஸ்ட்ராங்" என்று பெட்ரோல் காருக்கு ஊற்றுவதுண்டு. அதில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை அதிகமாக இருக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் ஆயில் எரிக்கும் வண்டியில் அந்த பாஸ்பரஸ், சைலன்சர் வழியில் இருக்கும் கேடலிடிக் கன்வெர்டரில் படிந்து அதை மந்தமாக்கும். 5டபிள்யூ-30 போன்ற பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸ் அளவை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்தியிருப்பதற்குக் காரணமே இதுதான். புகைச் சோதனைக்குப் போகும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு டீசல் கார்களில் புகைத்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். மேனுவலில் சி2, சி3 என்று இருப்பதை மாற்றவே கூடாது. அதற்கு முந்தைய டீசல்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

செலவுக் கணக்கு

ஆயில் எரிக்கும் வண்டி என்றதும் பயப்பட வேண்டாம். லிட்டர் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1000 கி.மீ.க்கு 250 மில்லி குடிக்கும் வண்டி வருடம் 8,000 கி.மீ. ஓடினால், கூடுதலாக 2 லிட்டர், 900 ரூபாய். இதற்காக இன்ஜினை இறக்க வேண்டிய அவசியம் இல்லை. சில கம்பெனிகளின் மேனுவலில் 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்றே எழுதியிருக்கிறார்கள். அது தாராளமான வரம்புதான். ஆனால் 250 மில்லியில் தூக்கம் கெட வேண்டாம் என்பதற்கு அது போதும்.

கவலைப்பட வேண்டியது, அந்த எண் மாறும் வேகத்தைப் பற்றி. இந்த வருடம் 250, அடுத்த வருடம் 270 என்றால் ஓட்டலாம். ஆறு மாதத்தில் 250 இரட்டிப்பானால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அளந்து எழுதி வைத்தவருக்கு மட்டும்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

"நான்தான் ஊத்திக்கிட்டே இருக்கேனே, எதுக்கு மாத்தணும்" என்றும் சிலர் கேட்பார்கள். புதிதாக ஊற்றுவது குறைந்த அளவைத்தான் நிரப்புகிறது. அழுக்கும் அமிலமும் உள்ளேயேதான் இருக்கின்றன, ஃபில்டரும் பழையதுதான். சிட்டி டிராஃபிக்கில் நின்று நின்று போகும் பழைய வண்டிக்கு, மேனுவலில் கடினமான ஓட்டத்துக்கு என்று தனியாகச் சொல்லியிருக்கும் குறைந்த இடைவெளியைப் பின்பற்றுங்கள். விலை உயர்ந்த ஆயிலை இரண்டு வருடம் வைத்திருப்பதைவிட, நடுத்தர ஆயிலை ஃபில்டரோடு சேர்த்து ஒழுங்காக மாற்றுவது மேல்.

உள்ளே கசடு கட்டியிருக்கும் இன்ஜினில் ஃபிளஷ் திரவம் ஊற்றிக் கழுவுவதற்கு முன் யோசியுங்கள். கட்டியாக உரிந்து வரும் கசடு, பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடலாம். நல்ல ஆயில் ஊற்றி, 3,000 கி.மீ. இடைவெளியில் இரண்டு முறை மாற்றினால் மெல்லச் சுத்தமாகும். அவசரம் வேண்டாம்.

ஆயிலால் முடியாதவை

டிப்ஸ்டிக்கிலோ மூடியின் அடியிலோ ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியடியில் மட்டும் கொஞ்சம் இருப்பது வியர்வை ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அப்படியே இருந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம், வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போய், பெட்ரோல் வாசம் அடித்தால், எரியாத பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறும் கனமான "டொக் டொக்" சத்தம் பேரிங் பேச்சு. இவற்றில் எதற்கும் கடையில் கேன் கிடையாது.

கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலி ஆயில் நம் சந்தையில் நிஜமான பிரச்சினை. லூஸ் ஆயில் வேண்டாம். சீல் உடையாத கேனை, முடிந்தால் பில்லோடு வாங்குங்கள். தீர்ந்த கேனை ஓட்டை போட்டுத் தூக்கிப்போடுங்கள். யாரும் மறுபடி நிரப்ப முடியாது. வடித்த வேஸ்ட் ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், அதைச் சேர்த்துவைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சட்டப்படியே அது அபாயக் கழிவு.

அவசரத்துக்கு வேறு பிராண்ட் ஆயில்தான் கிடைக்கிறது என்றால் தாராளமாக ஊற்றலாம். ஏபிஐ தரமுள்ள இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதே கிரேடு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அடுத்தது. குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட எதுவும் பரவாயில்லை.

மேனுவல் தொலைந்துபோயிருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். அதைத் தேடி எடுத்து, கிரேடையும் ஆயில் கொள்ளளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். அதே சீட்டின் பின்பக்கம் இன்றைய ஓடோமீட்டர் எண். அடுத்த 1000 கி.மீ. முடிந்து எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதையும் எழுதிவிட்டால், அடுத்த முறை மெக்கானிக் "கெட்டியா போட்டுடலாமா சார்?" என்று கேட்கும்போது சொல்வதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.